மூன்று பேராசிரியர்களா, ஒரே விருந்தாளியா?

பிபிசி ரேடியோ 4-இன் 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியைப் பாட்காஸ்ட்டாகக் கேட்பவர்களுக்குக் கடைசியில் ஒரு கொசுறு கிடைக்கும். ஒலிபரப்பு நேரம் முடிந்துவிட்டது, ஆனால் மைக்கை யாரும் அணைக்கவில்லை. எதையெல்லாம் சொல்லாமல் விட்டோம் என்று நெறியாளர் கேட்கிறார். அதுவரை அளந்து அளந்து பேசிய மூன்று பேராசிரியர்களும் சட்டென்று இளகிவிடுகிறார்கள். ஒருவர் இன்னொருவரை மறுக்கிறார். இன்னொருவர் இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த ஒரு கதையைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அப்புறம் தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காபியா என்று கேட்கிறார். அவ்வளவுதான், முடிந்தது.

அந்தக் கொசுறுக்காகவே முழு நிகழ்ச்சியையும் கேட்ட வாரங்கள் எனக்கு உண்டு. இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "அப்படியென்றால் மீதி நாற்பது நிமிஷம் எதற்கு?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதுவும் சில வாரங்களில் கிடைக்காது. இலக்கியத்திலும் தத்துவத்திலும் ஈடுபாடு உள்ளவர். இன்றைய வாழ்க்கையைப் பற்றி யாராவது நிதானமாகப் பேசினால் கேட்கவும் தயார். ஆனால் எதைத் தொடர்வது என்று தெரியவில்லை. இணையத்தில் இப்படிப்பட்ட உரையாடல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எல்லாமே ஆழமானவை என்றுதான் தம்மைச் சொல்லிக்கொள்கின்றன.

அவரிடம் வாய்வழியாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சுருக்கம் இது: தலைப்பைப் பார்த்து நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் ஏமாந்துபோவோம். மேசையைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கேள்வி கேட்பவர் யார், அவருக்கு அந்த விஷயம் எவ்வளவு தெரியும் என்று பார்க்க வேண்டும். ஒரே நாவலை நான்கு பேர் பேசினால் கிடைப்பது ஒன்று, இரண்டு பேர் பேசினால் கிடைப்பது வேறொன்று.

மூன்று நிபுணர்கள், ஒரு நெறியாளர்

'இன் அவர் டைம்' 1998 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. மெல்வின் பிராக் 2025 செப்டம்பரில் விலகும்வரை அவர்தான் நெறியாளர். ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டிவிட்டார்கள். தொடக்கக் காலத்தைத் தவிர அமைப்பு மாறவே இல்லை: ஒரு தலைப்பு, மூன்று கல்வியாளர்கள், முக்கால் மணி நேரம். நலம் விசாரிப்பு கிடையாது. வணக்கம் சொன்ன கையோடு ஒரு சின்ன அறிமுகம், உடனே முதல் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைத்து முதல் கேள்வி. பல ஆண்டுகள் வியாழக்கிழமை காலையில் நேரலையாகவே நடந்தது. அந்த அவசரம் பிராக்கின் குரலில் தெரியும். யாராவது சுற்றி வளைத்தால் இடையில் புகுந்து, நேரம் இல்லை, விஷயத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவார். முதல்முறை கேட்பவர்களுக்கு அது கொஞ்சம் கடுப்பாக இருக்கும். பத்துத் தடவை கேட்டபின் அது ஒரு மரியாதை என்று புரியும். அந்த மரியாதை பேசுகிறவர்களுக்கு அல்ல, கேட்கிறவர்களுக்கு.

இந்த அமைப்பின் பலம், ஒன்றுமே தெரியாத விஷயத்துக்குள் நுழைய ஒரு வழி கிடைப்பது. ஸ்டாயிக் தத்துவம் என்றால் என்ன என்று தெரியாமல் உட்கார்ந்தால், முக்கால் மணி நேரத்தில் அது எங்கே தொடங்கியது, என்ன சொன்னது, யார் எதிர்த்தார்கள், பிற்காலத்தில் என்ன ஆனது என்று ஒரு வரைபடம் கையில் இருக்கும். ஒருவர் பின்னணியைச் சொல்வார், ஒருவர் சாரத்தை, ஒருவர் அதன் பின்விளைவுகளை. மூன்று பேர் இருப்பதால் ஒருவருடைய பிடிவாதம் மொத்தத்தையும் விழுங்கிவிடாது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. யாரும் அந்த அறையில் உட்கார்ந்து புதிதாக யோசிப்பதில்லை. ஏற்கெனவே யோசித்து முடித்ததை எடுத்துவைக்கிறார்கள். தத்துவ வரலாற்றுக்கு அது போதும். இலக்கியத்துக்குப் போதாது. ஒரு நாவலைப் பற்றி இப்படிக் கேட்டால் அது எப்போது எழுதப்பட்டது, ஆசிரியரின் கடன்கள் என்ன, முதல் பதிப்பை விமர்சகர்கள் எப்படிக் கிழித்தார்கள் என்பதெல்லாம் தெரியும். அந்த நாவலைப் படிக்கும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இதைத் தொடராதீர்கள், தேவைப்படும்போது எடுத்துக் கேளுங்கள். கலைக்களஞ்சியத்தை யாரும் வாரம் இத்தனை பக்கம் என்று வைத்துப் படிப்பதில்லை. ஒரு புத்தகத்தை எடுக்கப் போகிறோம், ஒரு சிந்தனையாளரின் பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது, அப்போது பழைய நிகழ்ச்சிகளில் அந்தத் தலைப்பைத் தேடினால் போதும். பெரும்பாலும் இருக்கும்.

ஒருவரோடு ஒருவர்

இனி நான் ஒருபக்கச் சாய்வோடுதான் பேசப்போகிறேன், சொல்லிவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவின் கேசிஆர்டபிள்யூ வானொலியில் 1989 முதல் 2022 வரை 'புக்வோர்ம்' என்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. அரை மணி நேரம், ஓர் எழுத்தாளர், எதிரே மைக்கேல் சில்வர்பிளாட். விருந்தாளியின் புதிய நூலை மட்டும் படித்துவிட்டு வந்து உட்காரும் ஆள் இல்லை அவர். அந்த எழுத்தாளர் அதுவரை எழுதிய எல்லாவற்றையும் படித்துவிட்டு வருவார். இது ஏதோ விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்டதாக முதலில் நினைத்தேன். 1996-இல் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் தன் ஆயிரம் பக்க நாவலோடு வந்தபோது நடந்ததைக் கேட்டபின் அந்தச் சந்தேகம் போயிற்று.

தொடக்கமே வித்தியாசமாக இருக்கும். இந்த நாவலைப் பற்றி எப்படிப் பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை என்று சில்வர்பிளாட் ஒப்புக்கொள்கிறார். பிறகு, இது என் கற்பனையாகக்கூட இருக்கலாம், ஆனால் படிக்கும்போது ஒன்று தோன்றியது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: நாவல் ஃப்ராக்டல் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறதோ? சின்னத் துண்டிலும் பெரிய துண்டிலும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறதே? வாலஸ் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. இன்னும் விரித்துச் சொல்லுங்கள் என்கிறார். சில்வர்பிளாட் விரிக்கிறார். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வருகிறது: நாவல் சியர்பின்ஸ்கி முக்கோணம் என்ற கணித வடிவத்தை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது. முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் இன்னும் சிறிய முக்கோணங்கள். எழுதியவர் மறைத்துவைத்த கட்டுமானத்தை வாசகர் ஒருவர் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். வாலஸின் குரலில் அப்போது வரும் மாற்றத்தை எழுத்தில் காட்ட முடியாது. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்து ஒளித்துவைத்த பொருளை ஒருவர் எடுத்து நீட்டும்போது வரும் குரல் அது.

இந்தக் கணம் மூன்று பேராசிரியர் மேசையில் நடக்க வாய்ப்பே இல்லை. அங்கே "என் கற்பனையாகக்கூட இருக்கலாம்" என்று சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்காது, தைரியமும் இருக்காது.

ஸ்டட்ஸ் டெர்கலின் வழி வேறு. சிகாகோவின் டபிள்யூஎஃப்எம்டி வானொலியில் 1952 முதல் 1997 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள் பேசியவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. 1961-இல் ஜேம்ஸ் பால்ட்வின் வந்தபோது அவர் முதலில் செய்தது ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டது. ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் வெள்ளப் பாட்டு. பாட்டு ஒலிக்கிறது, எழுத்தாளர் கேட்கிறார், நாமும் கேட்கிறோம். அதற்குப் பிறகுதான் டெர்கலின் கேள்வி. ஸ்விட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டே தன் முதல் நாவலை முடித்தவர் பால்ட்வின். அதை அறிந்த ஒருவர்தான் அந்தத் தட்டைத் தேடி எடுத்து வைக்க முடியும். மொத்த உரையாடலும் அந்தப் பாட்டின் சுருதியிலேயே போகும். கேள்வியை வாயால்தான் கேட்க வேண்டும் என்று யார் சொன்னது?

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல்லைத்தான் காதுக்கும் வாய்க்கும் வைத்திருக்கிறோம். கேள்வி என்றாலும் அப்படித்தான்: வினாவும் அதுவே, செவிவழியாகச் சேர்த்த அறிவும் அதுவே. நல்ல நெறியாளரை அடையாளம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அவருடைய இரண்டாவது கேள்வி முதல் பதிலிலிருந்து பிறக்கிறதா, கையிலிருக்கும் தாளிலிருந்து பிறக்கிறதா என்று பார்த்தால் போதும். தாளிலிருந்து பிறந்தால் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

மூன்றாவது மாதிரி ராபர்ட் ஹாரிசன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய இலக்கியம் கற்பித்தவர், தாந்தே அறிஞர். 2005-இல் வளாக வானொலியான கேஇசட்எஸ்யு-வில் 'என்டைட்டில்டு ஒப்பினியன்ஸ்' தொடங்கினார். ரிச்சர்ட் ரோர்ட்டி, ரெனே ஜிரார்ட் போன்ற பெரிய சிந்தனையாளர்கள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மாணவர்கள் நடத்தும் ஒரு சிறிய வளாக வானொலியில் இது நடந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். விளம்பர இடைவேளை கிடையாது, பரபரப்பு கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஹாரிசனே எழுதிப் படிக்கும் ஒரு முன்னுரையோடு தொடங்கும். சில முன்னுரைகள் அபாரம், தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் அவருக்குத் தன் குரல் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போய்விடும். நான் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன், பாவம் தொற்றவில்லை.

ஒருவரோடு ஒருவர் பேசுவதில் உள்ள ஆபத்தும் இதுதான். நெறியாளருக்கும் விருந்தாளிக்கும் ஒத்துப்போய்விட்டால் கேட்கிற நாம் வெளியே நிற்கும் மூன்றாவது மனிதர் ஆகிவிடுவோம். இருவரும் படித்த புத்தகம், இருவருக்கும் தெரிந்த பெயர்கள், இருவருக்கும் மட்டும் புரிந்த நகைச்சுவை. இன்னொரு ஆபத்து, விருந்தாளி தவறாகச் சொன்னால் தடுக்க ஆள் இல்லை. நாவலாசிரியர் தன் நாவலைப் பற்றிப் பேசும்போது அது பெரிய விஷயமில்லை. ஆனால் தத்துவவாதி ஒருவர் மனித இயல்பே இப்படித்தான் என்று அறுதியிட்டுச் சொல்லும்போது, எதிரே இருப்பவர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சரி, தத்துவத்துக்கு என்ன செய்வது?

தத்துவத்துக்கு ஒரு மறுப்பவர் வேண்டும்

1948 ஜனவரி 28 அன்று பிபிசியின் தேர்ட் ப்ரோக்ராம் என்ற வானொலி அலைவரிசையில் இரண்டு பேர் கடவுள் இருக்கிறாரா என்று விவாதித்தார்கள். ஒருவர் இயேசு சபைப் பாதிரியார் ஃப்ரெடரிக் காப்பில்ஸ்டன், மற்றவர் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். முதல் வேலையாக, கடவுள் என்ற சொல்லுக்கு இருவரும் ஒரே பொருள்தான் கொள்கிறார்களா என்று உறுதிசெய்துகொள்கிறார்கள். காப்பில்ஸ்டன் ஒரு வரையறை சொல்கிறார், ரஸ்ஸல் ஏற்றுக்கொள்கிறார். இன்றைய விவாத மேடைகளில் இந்த ஒரு படி மட்டும் இருந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

பிறகு பாதிரியார், உலகில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பதுபோல உலகம் முழுவதற்கும் ஒரு காரணம் வேண்டுமே என்கிறார். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு, அதற்காக மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டு என்று ஆகுமா என்று ரஸ்ஸல் திருப்புகிறார். உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று முடித்துக்கொள்ளப் பார்க்கிறார். காப்பில்ஸ்டன் விடவில்லை. சதுரங்கப் பலகையின் முன் உட்காரவே மாட்டேன், காயை நகர்த்தவே மாட்டேன் என்பவரை யாராலும் தோற்கடிக்க முடியாதுதான் என்கிறார். நான் ரஸ்ஸல் கட்சி என்று நினைத்துக்கொண்டுதான் கேட்க ஆரம்பித்தேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இத்தனைக்கும் பாதிரியார் குரலை உயர்த்தவே இல்லை.

இப்படி ஒரு மோதல் எல்லா வாரமும் கிடைக்காது. அதற்கு ஈடாக வந்ததுதான் இரண்டு நெறியாளர் அமைப்பு. ஸ்டான்ஃபோர்டின் ஜான் பெர்ரியும் கென் டெய்லரும் 2004-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேஏஎல்டபிள்யூ வானொலியில் தொடங்கிய 'ஃபிலாசஃபி டாக்' அப்படிப்பட்டது. அதற்கு முன்மாதிரி ஒரு தத்துவ நிகழ்ச்சி இல்லை, 'கார் டாக்'. இரண்டு சகோதரர்கள் உட்கார்ந்து, தொலைபேசியில் வரும் நேயர்களின் கார் கோளாறுகளைச் சிரிக்கச் சிரிக்கப் பழுதுபார்க்கும் அமெரிக்க நிகழ்ச்சி. கார்புரேட்டருக்குப் பதிலாகச் சுயவிருப்பத்தை மேசைமேல் வைத்தால் என்ன என்று தத்துவப் பேராசிரியர்கள் யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். எல்லாவற்றையும் கேள்வி கேட்போம், உங்கள் அறிவை மட்டும் கேள்வி கேட்கமாட்டோம் என்பது அவர்களின் முத்திரை வாசகம். டெய்லர் 2019-இல் காலமானார். பிறகு வேறு நெறியாளர்கள் வந்தார்கள், ஆனாலும் இருவர் என்ற ஏற்பாடு தொடர்ந்தது.

இரண்டு நெறியாளர்கள் இருந்தால் விருந்தாளி வருவதற்கு முன்பே ஒரு கருத்து வேறுபாடு மேசைமேல் இருக்கும். அது நமக்கு ஒரு பிடி. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று நமக்கே தெரிந்துவிடும். விருந்தாளி பேசும்போது அந்தச் சாய்வு ஆடுகிறதா என்று கவனிக்கலாம். குறை என்னவென்றால், சில வாரங்களில் அந்தக் கருத்து வேறுபாடு நாடகமாகத் தோன்றும். நீ இந்தப் பக்கம் எடுத்துக்கொள், நான் அந்தப் பக்கம் என்று பேசிவைத்துக்கொண்டு வந்ததுபோல. தத்துவ வகுப்பில் அது நல்ல பயிற்சி. வாரத்தில் ஒரே மணி நேரம் வைத்திருப்பவருக்கு அது வீண்செலவு.

நேயர்களைத் தொலைபேசியில் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. வானொலி ஒருவழிப் பாதையாக இருப்பதுதான் அதன் குறை, கேட்பவரைப் பேசவும் வைக்க வேண்டும் என்று ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932-லேயே சொன்னார். கொள்கையளவில் நானும் அவர் பக்கம்தான். நடைமுறையில், நேயர் ஒருவர் தன் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் நான் பாத்திரம் முழுவதும் தேய்த்து முடித்திருக்கிறேன். ஆனால் பத்தில் ஒரு முறை, நிபுணர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்றைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து வைக்கும் ஒரு குரல் வரும். அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்றைய வாழ்க்கை எனும் வழுக்குப் பாறை

மூன்று துறைகளில் இதுதான் சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் இன்றைய வாழ்க்கையை அலசும் ஒரு தினசரி நிகழ்ச்சிக்கு நான் அடிமையாக இருந்தேன். பெயர் வேண்டாம். தனிமை, கைபேசி, வேலை அலுப்பு, நட்பின் வீழ்ச்சி என்று நாளுக்கொரு தலைப்பு. கேட்கும்போது எல்லாம் என்னைப் பற்றியே பேசுவதுபோல இருக்கும். ஒரு வருடம் கழித்து யாரோ கேட்டார்கள், அதில் என்ன கேட்டாய், ஒன்று சொல் என்று. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. குரல்கள் நினைவிருந்தன, தொடக்க இசை நினைவிருந்தது, ஒரு கருத்துகூட இல்லை. ஏறக்குறைய முந்நூறு மணி நேரம் எனக்குள் ஒரு வாய்க்கால்போல ஓடிப் போயிருக்கிறது.

அதன்பிறகு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். இந்த வகை நிகழ்ச்சி எதையும் வந்த வாரம் கேட்பதில்லை. ஆறு மாதம் பழையதாக எடுத்துக் கேட்பேன். செய்தியின் சூடு ஆறியபின்னும் பேச்சு நிற்கிறதா என்று அப்போது தெரியும். ஆஸ்திரேலியாவின் ஏபிசி ரேடியோ நேஷனலில் வலீத் அலியும் ஸ்காட் ஸ்டீஃபன்ஸும் 2015 முதல் நடத்திவரும் 'தி மைன்ஃபீல்டு' அந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. அன்றைய பிரச்சினையில்தான் தொடங்குவார்கள். ஆனால் பத்து நிமிஷத்தில் அதற்கு அடியில் இருக்கும் பழைய கேள்விக்கு இறங்கிவிடுவார்கள்: மன்னிப்பு என்றால் என்ன, கோபம் எப்போது நியாயம், ஒரு தவறில் நம் பங்கு எவ்வளவு. செய்தி பழசானாலும் கேள்வி பழசாகவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் மறுக்கும்போது நட்பு கெடாது என்ற நிச்சயத்தோடு மறுக்கிறார்கள். அதைக் கேட்பதே எனக்கு ஒரு சுகம். ஸ்டீஃபன்ஸின் வாக்கியங்கள் சில சமயம் இறையியல் வகுப்புக்குப் போய்விடும், அது வேறு விஷயம்.

மற்றவை, சட்டென்று

'ஃபிலாசஃபி பைட்ஸ்' 2007-இல் நைஜல் வார்பர்ட்டனும் டேவிட் எட்மண்ட்ஸும் தொடங்கியது. வானொலி நிலையம் எதுவும் இல்லாமல் நேராகப் பாட்காஸ்ட்டாகவே பிறந்தது. ஒரு தத்துவவாதி, ஒரே ஒரு கருத்து, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு மணி நேரம் கிடைக்காத வாரத்துக்கு இதைவிட நல்லது இல்லை.

உரையாடலே இல்லாத வகையும் இருக்கிறது. பிபிசியின் ரீத் சொற்பொழிவுகள் 1948-இல் தொடங்கின. முதல் வருடம் பேசியவர் அதே ரஸ்ஸல்தான், அந்த ஆண்டு அவருக்கு வானொலியில் நல்ல வேலை இருந்திருக்கிறது. கனடாவின் சிபிசி ஒலிபரப்பும் மாஸ்ஸி சொற்பொழிவுகள் 1961-இல் தொடங்கியவை. ஒருவர் தனியாக நின்று ஒரு வாதத்தைப் பல பகுதிகளாகக் கட்டி எழுப்புவார். சிறப்பாக இருக்கும், ஆனால் அதைப் புத்தகமாகப் படித்துவிடலாமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். மாஸ்ஸி சொற்பொழிவுகள் புத்தகமாகவும் வருகின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே நின்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வானொலி உரையாடல்கள் எல்லாம் இயல்பானவை, இன்றுதான் எல்லாம் செயற்கை என்று ஏங்குபவர்கள் உண்டு. உண்மை வேறு. 1942-இல் ஜார்ஜ் ஆர்வெல் பிபிசியின் கிழக்கத்தியப் பிரிவில் வேலை பார்த்தபோது இந்தியாவுக்காக 'வாய்ஸ்' என்று ஒரு வானொலி இலக்கிய இதழ் நடத்தினார். முல்க் ராஜ் ஆனந்த், வில்லியம் எம்ப்சன், ஹெர்பர்ட் ரீட் எல்லோரும் வந்து கவிதை பற்றிப் பேசுவார்கள். அந்த உரையாடல் முழுவதும் முன்கூட்டியே எழுதப்பட்டது. போர்க்காலத் தணிக்கை அப்படி. நண்பர்கள் சிலர் கூடிக் கலகலவென்று கவிதை பேசுவதை, ஆளுக்கொரு தாளைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள்.

ஆனாலும் வானொலியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஆர்வெல். எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் கேட்கிறார், ஆகவே பேசுபவருக்கு முன்னால் இருப்பது எப்போதும் ஒரே ஆள்தான் என்று எழுதினார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினும் ஏறக்குறைய இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்: வானொலிக் குரல் வீட்டுக்குள் வரும் விருந்தாளி மாதிரி, வாசலில் கால் வைத்தவுடனே அதை எடைபோட்டுவிடுகிறோம் என்று. பெஞ்சமின் ஜெர்மன் வானொலியில் எண்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் செய்தவர். வானொலியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யோசித்த இந்த இருவருடைய குரலும் இன்று எந்தப் பதிவிலும் இல்லை. ஒரு நொடிகூட மிஞ்சவில்லை.

எப்படிக் கேட்பது என்பதும் தேர்வில் சேர்த்தி

வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கிக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். மூன்று பேராசிரியர் நிகழ்ச்சியை அப்படிக் கேட்டால் குற்றமில்லை, தகவல் தகவலாகவே வந்து சேரும். சில்வர்பிளாட்டையோ டெர்கலையோ அப்படிக் கேட்டால் போயிற்று. அங்கே கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் மௌனத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. விருந்தாளி மூச்சை இழுத்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டு வேறொன்றைச் சொல்லும் இடம் அது. வேகத்தைக் கூட்டினால் முதலில் சாவது அந்த மௌனம்தான்.

கைவேலையும் அப்படியே. துணி மடிப்பது, பாத்திரம் தேய்ப்பது, நடப்பது எல்லாம் இலக்கிய உரையாடலுக்கு ஒத்துவரும். கை ஓடினால் காது நிதானமாகும். தத்துவ வாதத்துக்கு ஒத்துவராது. இரண்டாவது படியைத் தவறவிட்டால் ஆறாவது படியில் எதற்கு ஆமாம் போடுகிறோம் என்றே தெரியாது. ரஸ்ஸல், காப்பில்ஸ்டன் விவாதத்தின் எழுத்து வடிவம் கிடைக்கிறது. கேட்டபின் அதை ஒரு முறை படித்தால்தான் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அதிலும் நான் சொல்லும் நிகழ்ச்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பவை. வேகமான பிரிட்டிஷ் உச்சரிப்பு, அதன் நடுவில் கிரேக்கப் பெயர்கள் என்றால் முதல் சில வாரம் திணறத்தான் செய்யும். இருவர் மட்டும் பேசும் நிகழ்ச்சியில் இரண்டு குரல்களுக்குத்தான் காது பழக வேண்டும், அது ஒரு வசதி.

நண்பருக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. தொடர்ந்து கேட்க ஒருவரோடு ஒருவர் பேசும் நிகழ்ச்சி ஒன்று, எழுத்தாளர்களோடு. தத்துவத்துக்கு மாதம் ஒரு முறை, உட்கார்ந்த இடத்தில், இரண்டு பேர் மறுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. மூன்று பேராசிரியர்களைத் தேவைக்கு மட்டும் கூப்பிடலாம். இன்றைய வாழ்க்கை ஆறு மாதம் ஊறட்டும். எழுத்தாளர்களுக்கு யாரிடம் போவது என்று கேட்டார். நெறியாளரே அறிஞராக இருப்பது பயமாக இருந்தால் கனடாவின் எலினார் வாக்டெலிடம் போங்கள் என்றேன். சிபிசியில் 1990 முதல் 2023 வரை 'ரைட்டர்ஸ் அண்ட் கம்பெனி' நடத்தியவர். கேள்விகள் சின்னதாக இருக்கும், குரல் தணிந்தே இருக்கும். விருந்தாளியின் குழந்தைப் பருவத்திலிருந்து நிதானமாக நடந்து வந்து, நாம் கவனிக்காத நேரத்தில் நாவலுக்குள் நுழைந்துவிடுவார்.

மூன்று வாரம் கழித்து எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். தான் படித்திராத ஓர் எழுத்தாளரின் பேட்டியாகப் பார்த்து எடுத்தாராம். இருபது நிமிஷம் போனதும், இதற்கு மேல் கேட்டால் கதை தெரிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டாராம். இப்போது அந்த எழுத்தாளரின் நாவல் ஒன்றில் நூற்று நாற்பதாவது பக்கத்தில் இருக்கிறார். பேட்டியின் பின்பாதியை இன்னும் கேட்கவில்லை.